பிடி கொடுக்காத மாப்பிள்ளை

அத்தியாயம் 14

பிடி கொடுத்துப் பேசாத ஆள் என்று மாப்பிள்ளைக்கு அந்தத் தெருவில் பெயர் வந்துவிட்டது. டீ வேண்டுமா என்றால் "பரவாயில்ல" என்பான். வேண்டாமா என்றால் அதற்கும் "பரவாயில்ல". டீக்கடைக்காரர் இப்போதெல்லாம் கேட்பதே இல்லை. பாதி டம்ளர் ஊற்றி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

மாப்பிள்ளை என்று ஒருவனை அழைக்க, அவனைக் கட்டியவள் இருக்க வேண்டும். போன மழைக்காலத்துக்கு முன்பே அவள் கண்ணை மூடிவிட்டாள். அழைப்பு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. அவனும் அந்த வீட்டில் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருந்தான்.

அத்தை என்று அவன் அழைக்கும் மாமியாரும் மச்சானும் நடத்தும் கொல்லுப்பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை. அவள் படுக்கையில் விழுந்தபோது இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தவன், அவள் போன பிறகும் கிளம்பவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் பட்டறைக்குள் வந்து சுத்தியலை எடுத்தான். எடுக்கச் சொன்னவரும் இல்லை, வேண்டாம் என்றவரும் இல்லை.

அப்போதுதான் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை வருகிறேன், சாயங்கால பஸ்ஸில் இரண்டு பேருமாகத் திரும்புகிறோம், உன் பழைய ஆபீஸில் பேசியாயிற்று, திங்கட்கிழமை போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

அவன் அனுப்பிய பதில் ஒரே வார்த்தை. "பார்க்கலாம்."

அந்தச் சனிக்கிழமை விடிந்துவிட்டது.

"போச்சா?" என்றான் மச்சான்.

போயிற்று. பாதி ஆணியாகிவிட்டிருந்த இரும்புத் துண்டு குறட்டின் வாயிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, சிவப்பிலிருந்து கறுப்புக்கு மாறிக்கொண்டிருந்தது.

"மாப்பிள, அது இரும்பா மீனா? கையில நிக்கவே மாட்டேங்குதே."

சாதாரணமாக ஆணி அடிக்கக் குறடு தேவையில்லை. நீளமான கம்பியின் ஒரு நுனி உலையில் இருக்கும். ஆறிய மறுநுனி கையில் இருக்கும். இந்த வேலை அப்படியல்ல. பழைய பெரிய கதவொன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்த தச்சர், அதில் இருந்த பட்டைகளையும் தாழ்ப்பாளையும் கழற்றிக் கொண்டுவந்து, இதே இரும்பில்தான் ஆணி வேண்டும் என்று கொட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த இரும்பு மிருதுவானது. மரத்துக்குள் போய் மறுபக்கம் மடக்கினாலும் முறியாது. ஆனால் எல்லாம் துண்டு துண்டு. துண்டைக் குறட்டால்தான் பிடிக்க முடியும்.

அவனிடம் இருந்தது மச்சானுடைய குறடு. மச்சானின் உள்ளங்கை முறம்போல இருக்கும். அந்தக் கைக்கு வளைத்த குறட்டின் இரண்டு கால்களையும் மாப்பிள்ளையின் விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்கவில்லை. நாலு அடியில் பிடி தளர்ந்துவிடும். துண்டு திரும்பிக்கொள்ளும்.

பிடி நின்றுவிட்டால் அது நல்ல வேலை. மஞ்சள் சூட்டில் எடுத்து, பட்டறைக்கல்லின் மேல் நாலு பக்கமும் திருப்பித் திருப்பி அடித்துக் கூராக்க வேண்டும். தலைக்கு மட்டும் கொஞ்சம் இரும்பு விட்டுவிட்டு, நடுவில் சதுரத் துளையுள்ள அச்சில் இறக்கி, மிஞ்சியதை அடித்துப் பரப்பினால் தலை. எல்லாம் ஒரே சூட்டுக்குள். மறுபடி உலையில் வைத்தால் கூர் கருகும். அந்தச் சிறிது நேரத்துக்கு வேறு எதையும் நினைக்க முடியாது. அவனுக்கு அதில் பிடித்தது அதுதான்.

"பிடி கொடுங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை, மூலையில் இருந்தபடியே.

அத்தை ஆணி அடிப்பதில்லை. ஆணி அடிப்பவர்களுக்குக் கருவி செய்பவர். வேறு ஊர்ப் பட்டறைக்காரர்கள்கூட அவரைத் தேடி வருவார்கள். வந்தவரிடம் அவர் அளவு கேட்கமாட்டார். இரண்டு மெல்லிய குச்சிகளைச் சேர்த்து, சுற்றிலும் ஈரக் களிமண்ணை அப்பிக் கையில் கொடுத்து, "வேலை செய்யற மாதிரி அழுத்திப் பிடிங்க" என்பார். விரல்கள் பதியும். அதற்குப் பிடி என்று பெயர். பிடி காய்ந்ததும் அதைப் பார்த்துத்தான் குறட்டின் கால்களை வளைப்பார். குறடு முடிந்து உரியவர் கைக்குப் போன பிறகு, பிடியை உடைத்து மறுபடி மண் வாளியில் கரைத்துவிடுவார். அடுத்த கைக்கும் அதே மண். குறடு முடியாமல் பிடியைக் கரைக்கக்கூடாது. அந்தப் பட்டறையில் இருந்த ஒரே சட்டம் அது.

காத்திருக்கும் பிடிகள் உலைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பலகையில் இருக்கும். பலகையின் ஓரத்தில், எல்லாவற்றையும்விடச் சின்னதாக ஒன்று இருந்தது. அவனைக் கட்டியவளுடையது. நோயில் கை மெலிந்து, சின்ன வயதிலிருந்து ஆணி அடித்த பழைய குறட்டைத் திறக்க முடியாமல் போனபோது, "எனக்கு லேசா ஒண்ணு செஞ்சு குடும்மா" என்று கேட்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கொடுத்த பிடி. அதன் பிறகு அவள் பட்டறைக்குள் வரவில்லை. அந்தக் குறட்டைப் பற்றி அத்தையும் பேசவில்லை. அவனும் கேட்கவில்லை.

"பார்க்கலாம் அத்தை" என்றான் இப்போது.

"பார்க்கலாம் பார்க்கலாம்னு பார்த்துப் பார்த்துக் கண்ணுதான் பெரிசாயிடுச்சு" என்றான் மச்சான். "கை கொப்பளிச்சுக் கெடக்கு."

மாப்பிள்ளை கீழே கிடந்ததை ஒதுக்கிவிட்டு வேறு துண்டை எடுத்து உலையில் வைத்தான். இரவல் குறடு போகிறவனுக்குப் போதும். இருக்கிறவன்தான் பிடி கொடுப்பான். அத்தை கேட்பது குறட்டைப் பற்றி மட்டும் அல்ல என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று அத்தைக்கும் தெரியும்.

"உங்கக்கா வர்ற நேரமாச்சு" என்றார் அத்தை. "சட்டையை மாத்திக்குங்க. பொண்ணு வீட்டுல பையனைக் கரி மூட்டையாக்கிட்டாங்கன்னு நினைக்கப் போறாங்க."

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை எதிரில் இருப்பவரை நிற்கவைத்துப் பழகியவள். வாசலில் பையை வைத்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"கையக் காட்டு."

காட்டினான்.

"ஊருக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் போட்டவனே, இந்தக் கைக்குப் போட்டியாடா?"

"இல்ல."

"அதானே பார்த்தேன்" என்றாள். கொப்புளத்தில் ஒட்டியிருந்த கரியை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டின்போது அவள் அத்தையிடமே நேராகப் பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டீங்க. நான் இல்லேங்கல. ஆனா இவன் வயசு என்ன, படிப்பு என்ன? இப்படியே எத்தனை நாளைக்கு?"

"நான் எதுக்கும்மா தப்பா எடுத்துக்கப் போறேன்?" அத்தை அவளுக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறினார். "தாராளமாக் கூட்டிட்டுப் போ. நான் பிடிச்சா வெச்சிருக்கேன்?"

மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருக்கட்டுமே என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்திருந்தான் போலிருக்கிறது. அப்படி எதிர்பார்த்திருந்தது அந்த வார்த்தை வராதபோதுதான் அவனுக்கே தெரிந்தது.

கை கழுவுகிற இடத்தில் அக்கா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்களே போன்னுட்டாங்க. அப்புறம் என்னடா?"

"போன்னு சொல்லல. பிடிச்சு வெக்கலன்னு சொன்னாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்ல."

"சரி, ஒண்ணு இல்ல. நீ சொல்லு. இருக்கியா, வர்றியா?"

"இன்னும் கொஞ்சம் ஆணி பாக்கி இருக்குக்கா."

"நான் ஆணியப் பத்தியா கேட்டேன்?" அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்குத் துணையா இருக்கேன்னு நீ நினைச்சுக்கிட்டிருக்கே. அவ இல்லடா. நீ சும்மா உக்கார்ந்திருக்க ஒரு இடம் பார்த்து உக்கார்ந்திருக்கே. அதை எங்க வேணாலும் பண்ணலாம். என் வீட்டுல வந்து பண்ணு. நான் கண்ணால பார்த்துக்கிட்டாவது இருப்பேன்."

அக்கா சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

அத்தை கரிக்கடைக்குக் கிளம்பினார். பஸ்ஸில் இரண்டு இடம் சொல்லி வைக்க அக்காவும் கூடவே போனாள். தெருவில் இருவரும் சேர்ந்து நடந்து போவதைப் பார்த்தால் சம்பந்திச் சண்டை போட்டவர்கள் மாதிரியே தெரியவில்லை. சண்டை நடக்கவும் இல்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. யாராவது ஒருவர் கத்தியிருந்தால் மற்றவர் பக்கம் போய் நின்றிருக்கலாம்.

பட்டறைக்குப் போனான். துண்டை எடுத்தான். மூன்றாவது அடியில் நழுவியது. இந்தத் தடவை அது அவன் கால்மேல் விழுந்து உருண்டது. உதறிவிட்டான். தோல் கருகிய வாடை வந்தது. வலி கொஞ்சம் தாமதமாக வந்தது.

மச்சான் துருத்தியை விட்டுவிட்டு ஓடி வந்தான். "தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து. பார்க்காதே, ஊத்து."

மாப்பிள்ளை தண்ணீரை ஊற்றினான். குறட்டைக் கீழே வைத்தான்.

"மச்சான், மண்ணு இருக்கா?"

"எந்த மண்ணு?"

"பிடி மண்ணு."

மச்சான் அசையாமல் நின்றான். மரத்தில் வந்து உட்கார்ந்த பறவையைப் பார்க்கிறவன் மாதிரி, சத்தம் போட்டால் பறந்துவிடும் என்று பயந்தவனாக, மெதுவாகக் கேட்டான்.

"அம்மா வரட்டுமா?"

"இப்பவே."

"சரி. நீ போய்க் கையை நல்லாக் கழுவிட்டு வா. கரி இருந்தா மண்ணு ஒட்டாது. மெதுவா வா. ஆனா மனசு மாறாம வா."

அவன் பின்கட்டுக் குழாயடியில் நெடுநேரம் கழுவினான். நகக்கண்ணில் இருந்த கரியை ஈர்க்குச்சியால் எடுத்தான். அக்காவுக்கு வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லிவிடப் பார்த்தானோ, கால் எரிச்சலில் செய்தானோ, அவனுக்கே தெளிவாக இல்லை. திரும்பி வந்தபோது குச்சிகளில் மண் அப்பித் தயாராக இருந்தது.

"அங்கங்க கொஞ்சம் கட்டி இருக்கும்" என்றான் மச்சான். "சரியா ஊறல. பரவாயில்ல, அழுத்து. பட்டறைக்கல்லுல இருக்கிற மாதிரி நில்லு. தோளை இறக்கு. ம்."

மண் குளிர்ச்சியாக இருந்தது. விரல்களை மூடினான். மண் இடம் கொடுத்தது, பிறகு நின்றது. உள்ளே சின்னச் சின்னக் கட்டிகள் உள்ளங்கையில் உறுத்தின. பல மாதங்களாக அவன் கை எதையும் முழுதாக மூடிப் பிடித்ததில்லை என்று தோன்றியது. விட மனம் வரவில்லை.

"போதும், விடு. மண்ணுக்கு மூச்சு முட்டும்" என்றான் மச்சான்.

அத்தையும் அக்காவும் திரும்பி வந்தபோது மச்சான் வாசலிலேயே காத்திருந்தான்.

"அம்மா, இங்க வந்து பாரு. உன் மருமகன் பிடி குடுத்துட்டான்."

அத்தை கரிப் பையை இறக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு பிடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விரல் நல்லா மூடியிருக்கு" என்றார். அவர் அவ்வளவுதான் சொல்வார். ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று இளகியதை அக்காகூடப் பார்த்தாள்.

அதைக் காயவைக்கப் பலகைக்குக் கொண்டு போனார். கை பாதியில் நின்றது.

"இங்க ஒண்ணு இருந்ததே."

"எது?" என்றான் மச்சான்.

"ஓரத்துல. சின்னது."

"அதுவா? வாளியில மண்ணு பத்தலம்மா. அடியில வறண்டு கெடந்துச்சு. அது யாரோ குறடு வாங்க வராமப் போன ஆளோடதுன்னு, நான்தான் தட்டி ஊறப்போட்டு..."

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் பேச்சு நின்றுபோனது.

அவள் பிடி கொடுத்த அன்று மச்சான் சரக்கு கொண்டுபோய் வெளியூரில் இருந்தான். திரும்பி வந்தபோது வீடு முழுக்க மருத்துவமனைப் பேச்சு. பிறகு அதைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை. தெரிந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவரே பேசிக்கொள்ளாத விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும்?

"யாரோடதும்மா?" என்றான்.

அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தார். மச்சானுக்கு அது போதும். மச்சான் வாளிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தான். முழங்கைவரை கையை விட்டுத் துழாவினான். அவ்வளவு பெரிய உடம்பு குனிந்து வாளிக்குள் எதையோ தேடியது.

"முழுசாக் கரைஞ்சிருக்காதும்மா. இப்பத்தானே போட்டேன். முழுசாக் கரைஞ்சிருக்காது."

"என்னாச்சு?" என்றாள் அக்கா வாசலில் இருந்து. "மண்ணுதானே?"

"மண்ணுதாம்மா" என்றார் அத்தை.

மாப்பிள்ளை அத்தையின் கையில் இருந்த பிடியைப் பார்த்தான். அவனுடைய விரல்கள், அவனுடைய உள்ளங்கை. நடுவில் கரையாமல் நிற்கிற வெளிர் நிறக் கட்டிகள். அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"விடுடா, எழுந்திரு" என்று மகனிடம் சொன்னார் அத்தை. "உன் தப்பு இல்ல. நான் செஞ்சிருக்கணும். அவ குடுத்த வாரமே செஞ்சிருக்கணும். செஞ்சா கரைச்சாகணும். அதான் செய்யல." பலகையின் ஓரத்தைத் தடவினார். "அளவுகூட எடுத்து வெக்கல. மண்ணுதான் இருக்கே, எங்க போகப் போகுதுன்னு இருந்துட்டேன்."

துருத்தி நின்று உலை மங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"அளவு எனக்குத் தெரியும் அத்தை" என்றான் மாப்பிள்ளை.

மூன்று பேரும் திரும்பினார்கள். அவன் வாயில் தெரியும் என்ற சொல்லைக் கேட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது.

வீட்டுக்குள் போய் ஒரு டம்ளரைக் கொண்டுவந்தான். ஒல்லியான எவர்சில்வர் டம்ளர். கடைசி மாதங்களில் எந்த டம்ளரும் அவள் கையில் நிற்கவில்லை. கடை கடையாக ஏறி, ஒவ்வொன்றாக வாங்கிவந்து கொடுத்துப் பார்த்து, கடைசியில் தேறியது அது.

"இது நின்னுச்சு. இதைவிட ஒரு நூல் பெரிசா இருந்தாலும் விழுந்துடும். கட்டைவிரல் இங்க வரும். இந்த மூணு விரலும் இப்படிச் சுத்தும். சுண்டுவிரல் மட்டும் தொடாது. மடக்கமாட்டா, நீட்டியே வெச்சிருப்பா."

"சின்னதுலேயே அப்படித்தான்" என்றார் அத்தை. "அந்த விரல் மட்டும் தனியாச் சண்டைக்கு நிக்கும்."

மச்சான் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. மண் கையோடு எழுந்து முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

அத்தை கவராயத்தை எடுத்து டம்ளரின் பருமனைப் பல இடங்களில் அளந்தார். விரல் வருமென்று அவன் காட்டிய இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு கம்பிக் குவியலில் தேடி மெல்லியதாக இரண்டை உருவினார்.

"இல்லாத கைக்கா குறடு?" என்றாள் அக்கா. அதட்டலாக அல்ல, தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"பிடி குடுத்துட்டாளேம்மா. வாங்கினவ நான். செஞ்சு குடுக்கணும்." அத்தை கம்பிகளை உலையில் செருகினார். சுத்தியலை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். "அடிங்க."

"எனக்குக் குறடு செய்யத் தெரியாதே."

"எனக்குத் தெரியும். ஆனா அந்தக் கை தெரியாது. கடைசி நாள்ல அந்தக் கையோட இருந்தது நீங்கதான். ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆள் ஆவோம்."

மச்சான் போய்த் துருத்தியைப் பிடித்தான். உலை மெதுவாகக் கண்ணைத் திறந்தது.

"இது எப்ப முடியும்?" என்றாள் அக்கா.

"நான் அடிச்சா நாளைக்கு. இவரு அடிச்சா ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

"பஸ்ல ரெண்டு இடம் சொல்லிட்டு வந்திருக்கேன்." அக்கா தம்பியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நான் இன்னிக்கு வரலக்கா."

"இன்னிக்கு வரலியா, வரவே மாட்டியா? திங்கக்கிழமை அங்க நான் என்னன்னு சொல்ல?"

பார்க்கலாம் என்ற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினான்.

"இந்தக் குறடு முடியற வரைக்கும் இங்க இருக்கேன். முடிஞ்ச அன்னிக்கு, இருக்கேனா வர்றேனான்னு உன்கிட்ட நானே சொல்றேன். பார்க்கலாம்னு சொல்லலக்கா. சொல்றேன்னு சொல்றேன்."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். வகுப்பில் ஒரு பதிலைச் சரியென்று எடுத்துக்கொள்வதா, உட்கார் என்று சொல்வதா என்று யோசிக்கிறவள் மாதிரி நின்றாள். பிறகு வாசலுக்குப் போய்த் தன் பையைத் தூக்கினாள்.

தெருவுக்குப் போகவில்லை. பையோடு வீட்டுக்குள் போனாள்.

மச்சான் துருத்தியை நிறுத்தாமல் கழுத்தை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்தான்.

"மாப்பிள, உங்கக்கா பின்னறைக்குப் போறாங்க."

உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அவனுடைய துணிகள் இருக்கிற பீரோ. தட்டுகளில் எதையோ நகர்த்துகிற ஓசையும் கேட்டது.

"உன் துணியை எடுத்துக் கட்டறாங்களா, அவங்க துணியை எடுத்து வெக்கறாங்களா?" என்றான் மச்சான்.

மாப்பிள்ளை கதவுப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தான்.

"மஞ்சள் ஏறிடுச்சு மாப்பிள்ளை" என்றார் அத்தை.

அவன் திரும்பினான். கம்பியை எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்து, முதல் அடியை அடித்தான்.